இறக்கியதை எடுத்துச் செல்லுங்கள், நிறுவியதை அல்ல

புதிய கணினி ஒன்றில் ஒரு ப்ராஜெக்டை முதல்முறை பில்ட் செய்யும்போது நேரத்தைத் தின்பது பெரும்பாலும் கம்பைலர் அல்ல, பதிவிறக்கம்தான். பக்கத்து மேசைக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அதே ஜார் கோப்புகளும் அதே டார்பால்களும் மறுபடி இணையம் வழியாக வந்து இறங்குகின்றன. இணையம் மெதுவாக இருந்தால் எரிச்சலோடு போய்விடும். பாதுகாப்புக்காக இணையமே கொடுக்கப்படாத கணினி என்றால் வேலை நின்றுவிடும். அப்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: அந்தக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் போட்டு இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடலாமே?

ஒட்டலாம். ஆனால் எந்தக் கோப்புறையை?

ஒரு டிபென்டென்சி (உங்கள் ப்ராஜெக்ட் நம்பியிருக்கும் வெளி நூலகம்) கணினிக்குள் மூன்று நிலைகளில் கிடக்கிறது. முதலாவது, ரெஜிஸ்ட்ரியிலிருந்து (நூலகங்கள் வெளியிடப்படும் இணையக் களஞ்சியம்) வந்தபடியே இருக்கும் பொதி: ஜாவாவின் ஜார், என்பிஎம்மின் டார்பால், பைத்தானின் வீல், ரஸ்ட்டின் கிரேட், கோவின் ஸிப். இது எந்தக் கணினியில் இறக்கினாலும் ஒரு பைட் கூட மாறாது. இரண்டாவது, அதைப் பிரித்து நிறுவிய வடிவம். நோட்_மாட்யூல்ஸ், பைத்தானின் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் எல்லாம் இந்த வகை. இதற்குள் அந்தக் கணினியின் முழுப் பாதைகள், சிம்லிங்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்), கோப்பு அனுமதிகள், அந்த இயங்குதளத்துக்கென்றே கம்பைல் ஆன பைனரிகள் எல்லாம் கலந்துவிடும். மூன்றாவது, உங்கள் கோடோடு சேர்த்துக் கம்பைல் செய்த விளைவு: டார்கெட், பில்ட் போன்ற கோப்புறைகள். இதைக் கணினிகளுக்கு இடையே பகிர்வதற்கு ரிமோட் பில்ட் கேச் என்ற தனி ஏற்பாடே இருக்கிறது, அது வேறு கதை.

முதல் நிலை பயணம் செய்யும். இரண்டாவது, அதிர்ஷ்டம் இருந்தால் செய்யும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி எங்கே என்றால், கேச், அதாவது இறக்கியவற்றைக் கருவி சேமித்து வைக்கும் கோப்புறை, வெறும் பொதிகளின் குவியல் அல்ல, அதோடு ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தப் பெயரில் தேடப்பட்டது, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் எழுதி வைத்திருக்கும். பொதி கண்ணெதிரே இருந்தும் "கிடைக்கவில்லை" என்று கருவி சொன்னால், பெரும்பாலும் இந்தக் கணக்குதான் ஒத்துப்போகவில்லை.

மேவன்: கண்ணெதிரே இருந்தும் இல்லாத ஜார்

ஜாவா ப்ராஜெக்டுகளுக்கான பில்ட் கருவியான மேவனின் உள்ளூர்க் களஞ்சியம் ஹோம் கோப்புறைக்குள் .எம்2/ரெபாசிட்டரி என்ற இடத்தில் இருக்கிறது. குழு, பெயர், பதிப்பு என்று அடுக்கடுக்கான கோப்புறைகள். உள்ளே ஜாரும் அதன் விவரங்களைச் சொல்லும் பிஓஎம் கோப்பும். பார்த்தால் சாதாரணக் கோப்பு மரம். ஆனால் நகலெடுத்துவிட்டு 'எம்விஎன் -ஓ' என்று ஆஃப்லைனில் ஓட்டினால் சில நேரம் ஒரு ஜாரையும் ஏற்காது.

அதே கோப்புறையில் _ரிமோட்.ரெபாசிட்டரீஸ் என்ற சிறிய கோப்பு இருப்பதைப் பாருங்கள். மேவன் 3 முதல், ஒவ்வொரு ஜாரும் எந்த ரெபாசிட்டரி ஐடியிலிருந்து வந்தது என்பதை மேவன் அதில் எழுதி வைக்கிறது. முதல் கணினியின் செட்டிங்ஸ் கோப்பில் ஒரு மிரர் (மூல ரெபாசிட்டரிக்குப் பதிலாக நிற்கும் நகல் சர்வர்) இருந்து அதன் ஐடி வேறாக இருந்தால், ஜார்கள் அந்த ஐடியின் பெயரில் பதிவாகியிருக்கும். இரண்டாவது கணினியில் மேவனின் பொது ரெபாசிட்டரியான 'சென்ட்ரல்' மட்டும்தான் தெரியும் என்றால், "நான் இதை சென்ட்ரலிலிருந்து இறக்கவே இல்லையே" என்று மேவன் கைவிரித்துவிடும். கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. உங்கள் கணினியில் தற்செயலாகக் கிடக்கும் ஒரு ஜாரால் பில்ட் ஓடி, மற்றவர்களிடம் ஓடாமல் போவதைத் தடுக்கத்தான் இந்தச் சோதனை.

வழி இரண்டு. இரு கணினிகளிலும் ஒரே ரெபாசிட்டரி ஐடிகளையும் ஒரே மிரர் ஐடியையும் வைப்பது ஒன்று. இதுதான் சுத்தமானது. முடியாவிட்டால், நகலில் மட்டும் _ரிமோட்.ரெபாசிட்டரீஸ் கோப்புகளை எல்லாம் தேடி அழித்துவிடுவது. கணக்கே இல்லாத ஜாரை மேவன் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்) பதிப்புகளுக்கு இது போதாது. அவற்றின் மெட்டாடேட்டா கோப்பின் பெயரிலேயே ரெபாசிட்டரி ஐடி ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துச் செல்லப்போகும் பில்டில் ஸ்னாப்ஷாட் இல்லாமல் பார்த்துக்கொள்வதே உத்தமம்.

இன்னொன்றையும் அழிக்க வேண்டும்: .லாஸ்ட்அப்டேட்டட் என்று முடியும் கோப்புகள். இறக்க முயன்று தோற்றதன் நினைவு அது. அதையும் சேர்த்து நகலெடுத்தால் தோல்வியும் கூடவே வரும். இணையம் உள்ள இரண்டாவது கணினியில்கூட மேவன் மறுபடி முயலாமல், முன்பே தோற்றது என்று சொல்லி நின்றுவிடும். '-யு' கொடுத்தால் மீண்டும் முயலும், ஆனால் அழித்துவிட்டு நகலெடுப்பது சுலபம்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்குவதற்கு 'டிபென்டென்சி:கோ-ஆஃப்லைன்' என்ற இலக்கு இருக்கிறதே என்பார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். சில ப்ளகின்கள் தங்களுக்கு வேண்டியதை ஓடும்போதுதான் முடிவு செய்கின்றன. டெஸ்ட்களை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் நல்ல உதாரணம்: ப்ராஜெக்டில் டெஸ்ட் நூலகமான ஜேயூனிட்டின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதற்கான ப்ரொவைடரை இறக்கும். கோ-ஆஃப்லைன் அதைக் கொண்டுவராமல் விட, இணையமில்லாத கணினியில் கம்பைல் எல்லாம் முடிந்து டெஸ்ட் கட்டத்தில் பில்ட் விழும். இதைவிட நல்ல வழி, 'மேவன்.ரெப்போ.லோக்கல்' ப்ராபர்ட்டியில் ஒரு காலிக் கோப்புறையைக் கொடுத்து, அங்கே ஓடப்போகும் அதே கட்டளையை, டெஸ்டோடு, இங்கே ஒருமுறை முழுதாக ஓட்டுவது. அந்தக் கோப்புறையில் சேர்ந்தது எதுவோ அதுதான் மூட்டை. ஆண்டுக்கணக்கில் .எம்2-வில் சேர்ந்த குப்பை இதில் வராது என்பது கூடுதல் லாபம். மூட்டையின் அளவு பல மடங்கு சுருங்கும்.

மேவன் 3.9 வந்தபின் இன்னொரு வசதி கிடைத்திருக்கிறது. 'மேவன்.ரெப்போ.லோக்கல்.டெயில்' என்ற ப்ராபர்ட்டியில் வேறொரு களஞ்சியத்தை வால் போலச் சேர்க்கலாம். மேவன் அதிலிருந்து படிக்கும், எழுதாது. கொண்டுவந்த மூட்டையை உங்கள் சொந்த .எம்2-வோடு கலக்காமல் தனியே வைக்க இது பொருத்தம். வாலில் இருப்பவற்றுக்கு மேலே சொன்ன ஐடி சோதனை இயல்பாகவே தளர்த்தப்படுகிறது. ஆனால் ஒரே களஞ்சியத்தை நெட்வொர்க் டிரைவில் போட்டு நாலு கணினிகளும் ஒரே நேரத்தில் எழுதும்படி விடுவது தொல்லையை விலைக்கு வாங்குவது. பாதி எழுதிய ஜாரை இன்னொரு கணினி படித்தால், ஸிப் கோப்பு கெட்டிருக்கிறது என்ற பிழை எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்துபோகும்.

கிரேடில்: நகலெடுக்கவே அனுமதித்த கேச்

ஜாவா உலகின் இன்னொரு பில்ட் கருவியான கிரேடில் இந்த விஷயத்தில் பக்குவப்பட்டுவிட்டது. 6.1-க்கு முந்தைய பதிப்புகளில் கேச்சின் மெட்டாடேட்டாவுக்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருந்ததால், பயனர் பெயர் மாறினாலே நகல் பயனற்றுப்போகும். 6.1 முதல் எல்லாம் சார்புப் பாதைகள். .கிரேடில்/கேச்சஸ்/மாட்யூல்ஸ்-2 என்ற கோப்புறையை அப்படியே வேறு கணினியின் அதே இடத்தில் வைக்கலாம். ஹோம் கோப்புறை வேறாக இருந்தாலும் பாதகமில்லை. .லாக் என்று முடியும் பூட்டுக் கோப்புகளையும் ஜிசி.ப்ராபர்ட்டீஸ் கோப்பையும் மட்டும் விட்டுவிட வேண்டும். நகலெடுக்கும்போது கிரேடில் டீமன் (பின்னணியில் ஓடும் கிரேடில்) ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. 'கிரேடில் --ஸ்டாப்' கொடுத்துவிட்டு எடுங்கள்.

மாட்யூல்ஸ்-2 உள்ளே ஃபைல்ஸ்-2.1 என்பதில் ஜார்கள், ஒவ்வொன்றும் தன் ஷா-1 ஹாஷின் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) பெயருள்ள கோப்புறைக்குள். பக்கத்தில் மெட்டாடேட்டா-2 என்று தொடங்கும் கோப்புறையில் கணக்கு. அந்த எண்ணின் பின்பகுதி கிரேடில் பதிப்புகளுக்கிடையே மாறும். ஆகவே மூட்டை கட்டிய கிரேடிலும் பிரிக்கும் கிரேடிலும் ஒரே பதிப்பாக இருப்பது நல்லது. பதிப்பு மாறினால் ஜார் இருக்கும், கணக்கு இருக்காது. ஆஃப்லைனில் அது தோல்வியில் முடியும்.

6.2-இல் வந்த 'கிரேடில்_ஆர்ஓ_டெப்_கேச்' என்ற சூழல் மாறி இதைவிட நல்ல ஏற்பாடு. மாட்யூல்ஸ்-2-ஐ உள்ளே கொண்ட ஒரு கோப்புறையை அதில் காட்டினால் கிரேடில் முதலில் அதில் தேடும், இல்லாததை மட்டும் தன் வழக்கமான கேச்சில் இறக்கிக்கொள்ளும். படிக்க மட்டும் என்பதால் பல கண்டெய்னர்கள் ஒரே கேச்சை ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், பூட்டுச் சண்டை இல்லை. வழக்கமான கேச்சில் 30 நாள் தொடாத பொதிகளை கிரேடில் தானே துடைத்துவிடும். எப்போதாவது மட்டும் பில்ட் ஓடும் கணினியில் கொண்டுவந்தவை காணாமல் போவதற்கு இதுதான் காரணம். படிக்க மட்டுமான கேச்சில் அந்தத் துடைப்பம் நுழையாது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு முதல் வரியிலேயே விழுவது எங்கே என்றால் ரேப்பரில். கிரேடில்டபிள்யூ ஸ்கிரிப்ட் முதலில் கிரேடிலையே இறக்கப் பார்க்கும். அது இருக்கும் இடம் .கிரேடில்/ரேப்பர்/டிஸ்ட்ஸ், மாட்யூல்ஸ்-2-க்கு வெளியே. அதற்குள் இருக்கும் கோப்புறையின் விசித்திரமான பெயர், பதிவிறக்க முகவரியின் ஹாஷ். ஒரு கணினியில் '-பின்' என்றும் மற்றதில் '-ஆல்' என்றும் முகவரி இருந்தால் கிரேடில் பதிப்பு ஒன்றேயானாலும் ஹாஷ் வேறு, கோப்புறை வேறு, ஆகவே மறுபடி பதிவிறக்கம். .கிரேடில்/ஜேடிகேஸ் என்று ஒரு கோப்புறை இருந்தால், டூல்செயின் வசதி தானாக இறக்கிய ஜாவாக்கள் அதில் இருக்கும். அவை இயங்குதளத்துக்கு ஏற்றவை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை.

என்பிஎம்: சத்தமில்லாமல் விடுபடுபவை

ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம் பொதிகளைப் பிரித்து வைக்கும் நோட்_மாட்யூல்ஸை ஸிப் செய்து அனுப்புவது உலகெங்கும் நடக்கும் பழக்கம். அது ஓடிவிடவும் செய்யும், வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் இருந்தால். நேட்டிவ் ஆட்ஆன் (பைனரியாகக் கம்பைல் ஆன பகுதி) ஒன்று நுழைந்ததும் கதை மாறும். .நோட் என்று முடியும் கோப்பு உண்மையில் அந்த இயங்குதளத்தின் ஷேர்ட் லைப்ரரி. இயங்குதளம், ப்ராசஸர் வகை, சி லைப்ரரி மூன்றும் பொருந்த வேண்டும். டெபியனில் ஓடியது ஆல்பைன் கண்டெய்னரில் ஓடாமல் போவது, ஒன்றின் சி லைப்ரரி க்ளிப்சி, மற்றதன் சி லைப்ரரி மஸ்ல் என்பதால். இதற்கு மேல் நோடின் பைனரி இடைமுக எண்ணும் உண்டு. நோட் 18-க்கு 108, நோட் 20-க்கு 115, நோட் 22-க்கு 127. நோடின் உள்முகப்பை நேரடியாகத் தொட்டுக் கம்பைல் ஆன ஆட்ஆன், எண் மாறினால் ஏறாது. பதிப்பு மாறினாலும் மாறாத என்-ஏபிஐ என்ற முகப்பு வழியாக எழுதப்பட்டவை மட்டும் இதில் தப்பும்.

எடுத்துச் செல்ல வேண்டியது கேச். லினக்ஸிலும் மேக்கிலும் ஹோமில் .என்பிஎம்/_ககாச்சே, விண்டோஸில் லோக்கல் ஆப்டேட்டாவில் என்பிஎம்-கேச். ('என்பிஎம் கான்ஃபிக் கெட் கேச்' கொடுத்தால் சரியான இடத்தைச் சொல்லும்.) உள்ளே ஒவ்வொரு டார்பாலும் தன் ஹாஷின் பெயரிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தும்போது அந்த ஹாஷ் மறுபடி சரிபார்க்கப்படும், ஆகவே வழியில் கெட்டுப்போனது தானாகப் பிடிபடும். புதிய கணினியில் லாக் கோப்போடு (ஒவ்வொரு பொதியின் சரியான பதிப்பையும் பதிந்து வைத்த கோப்பு) 'என்பிஎம் சிஐ --ஆஃப்லைன்'. இணையம் இருக்கிறது, ஆனால் மெதுவானது என்றால் '--ப்ரிஃபர்-ஆஃப்லைன்'. இங்கே 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம். லாக் கோப்பும் பேக்கேஜ் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் அது புதிய பதிப்பைத் தேடிக் கிளம்பும். 'சிஐ' அங்கேயே நின்று பிழை சொல்லும்.

மோசமான பொறி ஆப்ஷனல் டிபென்டென்சிகளில் இருக்கிறது. இஎஸ்பில்ட் போன்றவை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு தனிப் பேக்கேஜை வைத்து, எல்லாவற்றையும் ஆப்ஷனல் என்று அறிவித்திருக்கும். லினக்ஸில் என்பிஎம் லினக்ஸுக்கானதை மட்டும் இறக்கும். அந்தக் கேச்சை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் விண்டோஸ் பேக்கேஜ் அதில் இல்லை. ஆப்ஷனல் என்பதால், கிடைக்காவிட்டாலும் என்பிஎம் வாயைத் திறக்காது. நிறுவல் வெற்றி என்று சொல்லும். பில்ட் ஓட்டும்போதுதான் உங்கள் இயங்குதளத்துக்கான பைனரி இல்லை என்று தெரியவரும். மூட்டை கட்டும் கணினியிலேயே, லாக் கோப்பில் உள்ள அதே பதிப்பெண்ணோடு, 'என்பிஎம் கேச் ஆட்' கட்டளையால் மற்ற இயங்குதளப் பேக்கேஜ்களையும் சேர்த்துவிடுவதுதான் மருந்து. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம்மிலும் புதிய யார்னிலும் 'சப்போர்ட்டட் ஆர்க்கிடெக்சர்ஸ்' என்ற அமைப்பில் தேவையான தளங்களைப் பட்டியலிட்டால் அவை தாமாகவே இறக்கிக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே பல தளங்களில் ஓடும் ப்ராஜெக்டுக்கு அவற்றை விரும்பலாம்.

அடுத்தது போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்கள். பப்பெட்டியர், சைப்ரஸ், எலக்ட்ரான் ஆகியவற்றின் பெரிய பைனரிகள் என்பிஎம் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வருவதில்லை, வேறு சர்வரிலிருந்து வருகின்றன. லினக்ஸில் அவை .கேச் கோப்புறைக்குள் அவரவர் பெயரில் சேரும். அவற்றையும் தனியே எடுக்க வேண்டும். மூலத்திலிருந்து கம்பைல் ஆகும் ஆட்ஆன் இருந்தால் நோட்-ஜிப் நோடின் ஹெடர் கோப்புகளை இறக்கப் பார்க்கும். அதை முன்கூட்டியே வைத்துவிட்டு 'நோட்டிர்' அமைப்பால் காட்டலாம்.

மிரர் வழியாக இறக்கிய கணினியில் உருவான லாக் கோப்பில் அந்த மிரரின் முகவரியே பதிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். பொது ரெஜிஸ்ட்ரியின் முகவரியை என்பிஎம் தானாக மாற்றிக்கொள்ளும். வேறு முகவரியை 'ரீப்ளேஸ்-ரெஜிஸ்ட்ரி-ஹோஸ்ட்' அமைப்பை 'ஆல்வேஸ்' என்று வைத்தால்தான் மாற்றும்.

பைத்தான்: கேச்சை மறந்துவிட்டு ஒரு கோப்புறை

பைத்தானின் பேக்கேஜ் கருவியான பிப்பின் கேச்சை நகலெடுப்பது வீண் வேலை. அது ஹெச்டிடிபி பதில்களின் கேச், முகவரியின் ஹாஷை வைத்து அடுக்கப்பட்டது. பேக்கேஜ் பட்டியலைக் கேட்க பிப் எப்படியும் இணையத்துக்குப் போகும். அது இல்லாதபோது கேச்சில் வீல் இருந்தும் பயனில்லை. வெர்ச்சுவல் என்விரான்மென்டை நகலெடுப்பது அதைவிட மோசம். பிஒய்வென்வ்.சிஎஃப்ஜி கோப்பிலும் பின் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் முழுப் பாதை எழுதியிருக்கும். ஒரே கணினியில் கோப்புறையின் பெயரை மாற்றினாலே உடையும் பொருள் அது.

பிப்புக்கு நேரான வழி ஏற்கெனவே இருக்கிறது. 'பிப் டவுன்லோட் -டி வீல்ஸ் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்றால் எல்லாப் பொதிகளும் வீல்ஸ் கோப்புறையில் சேரும். அங்கே போய் 'பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்=வீல்ஸ் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'. அவ்வளவுதான். சேர வேண்டிய கணினி வேறு தளம் என்றால் '--ப்ளாட்ஃபார்ம் மெனிலினக்ஸ்2014_எக்ஸ்86_64 --பைத்தான்-வெர்ஷன் 3.11 --ஒன்லி-பைனரி=:ஆல்:' என்று சேர்க்க வேண்டும். மெனிலினக்ஸ்2014 என்றால் க்ளிப்சி 2.17 அல்லது அதற்கு மேல் உள்ள லினக்ஸ். ஆல்பைனுக்கு மஸ்ல்லினக்ஸ் வீல்கள் தனி.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ப்ளாட்ஃபார்மை மாற்றிச் சொன்னாலும், 'விண்டோஸ் என்றால் மட்டும் இந்தப் பேக்கேஜ்' போன்ற நிபந்தனைகளை பிப் தான் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்தே தீர்மானிக்கிறது. லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸுக்கு இறக்கினால் கலராமா போன்ற சிறிய பேக்கேஜ்கள் விடுபடும். சேர வேண்டிய தளத்தைப் போன்ற ஒரு கணினியிலோ கண்டெய்னரிலோ இறக்குவது இந்தத் தலைவலியை முளையிலேயே கிள்ளிவிடும். மற்றது, வீல் இல்லாமல் மூலப் பொதியாக மட்டும் கிடைப்பவை. அவற்றைக் கட்ட செட்டப்டூல்ஸ் போன்றவை வேண்டும். பிப் அதற்கெனத் தனிச் சூழலை உருவாக்கி அங்கேயும் நோ-இண்டெக்ஸ் விதியையே பின்பற்றும். ஆகவே செட்டப்டூல்ஸும் 'வீல்' என்ற பேக்கேஜும் கோப்புறையில் இல்லாவிட்டால், நிறுவல் நடுவில் நிற்கும். இணையமுள்ள கணினியிலேயே 'பிப் வீல்' கொண்டு அவற்றை வீலாகக் கட்டிவிடலாம். ஆனால் அப்படிக் கட்டிய வீலின் பெயரில் மெனிலினக்ஸ் இருக்காது, வெறும் லினக்ஸ் என்றுதான் இருக்கும். அது கட்டிய கணினியைப் போன்ற கணினிக்கே உத்தரவாதம். கட்டிய கணினியின் ப்ராசஸருக்கே உகந்தபடி கம்பைல் செய்திருந்தால், பழைய ப்ராசஸரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லி ப்ரோகிராம் விழுந்துவிடும்.

கோவும் கார்கோவும்

கோ மொழியின் கருவி, ரஸ்ட் மொழியின் கார்கோ இரண்டும் இந்த வேலையை முதலிலிருந்தே நினைத்துச் செய்தவை, ஆகவே சுருக்கமாக.

கோவின் மாட்யூல் கேச்சுக்குள் இருக்கும் கேச்/டவுன்லோட் கோப்புறை, ஒரு கோ ப்ராக்ஸி சர்வரின் அடுக்கமைப்பிலேயே இருக்கிறது. அதை எங்கேயாவது வைத்து, 'கோப்ராக்ஸி' மாறியில் ஃபைல் முகவரியாகக் காட்டினால் போதும். பெரிய எழுத்துகளைக்கூட ஆச்சரியக்குறியும் சிறிய எழுத்துமாக மாற்றியே சேமிக்கிறது; எழுத்து வேறுபாடு பார்க்காத விண்டோஸ், மேக் டிஸ்க்குகளிலும் மோதல் வராது. பிரித்து வைத்த மூலக் கோப்புகளைச் சுமக்க வேண்டாம். அவை படிக்க மட்டும் என்ற அனுமதியோடு இருப்பதால் நகலெடுப்பதும் அழிப்பதும் தொல்லை. கோ 1.21 முதல் ஒரு புதுச் சிக்கல்: கோ.மாட் கோப்பு உங்களிடம் இருப்பதைவிடப் புதிய கோ பதிப்பைக் கேட்டால், கருவியே அந்தப் பதிப்பை இறக்கக் கிளம்பும். 'கோடூல்செயின்=லோக்கல்' வைத்தால் இறக்காமல் தெளிவான பிழையோடு நிற்கும்.

கார்கோவில் .கார்கோ/ரெஜிஸ்ட்ரியின் கீழுள்ள இண்டெக்ஸ், கேச் இரண்டும், .கார்கோ/கிட்/டிபி-யும் போதும். எஸ்ஆர்சி கோப்புறை கேச்சிலிருந்து மறுபடி பிரிக்கப்படும். 'கார்கோ ஃபெட்ச்' தளம் குறிப்பிடாமல் கொடுத்தால் எல்லாத் தளங்களுக்கும் உரியதை இறக்கிவிடும், என்பிஎம்மின் அந்த மௌனப் பொறி இங்கே இல்லை. 'கார்கோ வெண்டர்' இன்னும் நேரானது: எல்லா மூலமும் ப்ராஜெக்டுக்குள்ளேயே வந்துவிடும், அது அச்சிட்டுக் காட்டும் வரிகளை .கார்கோ/கான்ஃபிக்.டாம்எல் கோப்பில் ஒட்ட வேண்டும். அந்த வெண்டர் கோப்புறையை கிட்டில் சேர்த்து விண்டோஸில் எடுத்தால் செக்சம் பொருந்தவில்லை என்று வரலாம். கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் வரி முடிவுகளை மாற்றியிருக்கும், ஒரு பைட் மாறினாலும் கார்கோ ஏற்காது. கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் வெண்டர் கோப்புறைக்கு மட்டும் '-டெக்ஸ்ட்' என்று போட்டால் தீர்ந்தது.

மூட்டை கட்டுதல்

லட்சம் சிறு கோப்புகளை நேராகப் பென்டிரைவில் நகலெடுத்தால் மணிக்கணக்கில் ஆகும். முதலில் ஒரே டார் கோப்பாகக் கட்டுங்கள், வேகத்துக்காக மட்டுமல்ல. எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-விலும் சிம்லிங்க் கிடையாது, லினக்ஸ் அனுமதிகளும் நிற்காது. டாருக்குள் இரண்டும் பத்திரம். ஃபேட்32-வில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பெரிய மூட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிஎன்பிஎம் போன்றவை ஹார்ட்லிங்க்கை (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்) நம்புவதால், நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கில் '-ஏ' மட்டும் போதாது, '-ஹெச்'-உம் வேண்டும். இல்லையென்றால் ஒரே கோப்பு பல பிரதிகளாகப் பெருகும். விண்டோஸில் 260 எழுத்துப் பாதை வரம்பு இன்னும் ஆங்காங்கே கடிக்கும், ஆகவே மூலை முடுக்கில் பிரிக்காமல் டிரைவின் வேரருகே பிரியுங்கள். லினக்ஸில் சூடோவோடு டாரைப் பிரித்தால் மூட்டையில் பதிந்திருக்கும் பழைய உரிமையாளரே கோப்புகளுக்கு வந்துவிடுவார், பிறகு அனுமதி மறுப்புப் பிழைகள் வரலாம்.

.எம்2, .கிரேடில், .கார்கோ ஆகியவற்றை முழுதாக எடுக்கக் கூடாததற்கு இன்னொரு காரணம் கடவுச்சொற்கள். மேவனின் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல், கிரேடில்.ப்ராபர்ட்டீஸ், கார்கோவின் கிரெடென்ஷியல்ஸ் கோப்பு, .என்பிஎம்ஆர்சி எல்லாவற்றிலும் டோக்கன்கள் இருக்கக்கூடும். குறிப்பிட்ட உட்கோப்புறையை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்.

நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. என்பிஎம், கோ, கார்கோ மூன்றின் லாக் கோப்புகளிலும் ஒவ்வொரு பொதியின் ஹாஷும் இருக்கிறது. லாக் கோப்பு நம்பகமானதாக இருந்தால், கேச் யார் கையிலிருந்து வந்தது என்ற கவலை வெகுவாகக் குறையும். பிப்பில் '--ரிக்வயர்-ஹாஷஸ்' கேட்டால்தான் அந்தப் பாதுகாப்பு. கிரேடிலில் வெரிஃபிகேஷன்-மெட்டாடேட்டா.எக்ஸ்எம்எல் கோப்பை நாமே உருவாக்க வேண்டும். மேவன் வழக்கமாக இறக்கும்போது மட்டுமே செக்சம் பார்க்கும். களஞ்சியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஜாரை மறுபடி சந்தேகிக்காது. முகம் தெரியாதவர் கொடுத்த .எம்2-வை வாங்கிப் போடுவது அந்த வகையில் முகம் தெரியாதவரின் ப்ரோகிராமை ஓட்டுவதுதான்.

எப்போது மூட்டையை விட்டுவிட வேண்டும்

இரண்டு மூன்று கணினிகள், எப்போதாவது ஒருமுறை என்றால் மூட்டை போதும். வாரந்தோறும் டிபென்டென்சி மாறுகிறது, கணினிகளும் அதிகம் என்றால் உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரு ப்ராக்ஸி சர்வர் வைப்பதே வேலை மிச்சம். முதலில் கேட்பவருக்காக இணையத்திலிருந்து இறக்கும், அடுத்தவருக்குத் தன்னிடமிருந்து கொடுக்கும். என்பிஎம்முக்கு மட்டும் என்றால் வெர்டாச்சியோ, வழக்கமான போர்ட் 4873. பைத்தானுக்கு டெவ்பை, 3141. பலவும் சேர்ந்து வேண்டுமென்றால் நெக்சஸ் அல்லது ஆர்ட்டிஃபேக்டரி. ஸ்க்விட் போன்ற பொது வெப் ப்ராக்ஸி இதற்கு உதவாது. ரெஜிஸ்ட்ரிகள் எல்லாம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருப்பதால் உள்ளே போவது என்ன என்றே அதற்குத் தெரியாது.

சர்வரில் ஒரு பிரதி தங்குவது வேகத்துக்காக மட்டுமல்ல. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற சில வரிப் பேக்கேஜ் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது எண்ணற்ற பில்ட்கள் விழுந்தன. 2021 மே 1 அன்று பொதிகளை வெளியிட உதவிய பின்ட்ரே சேவை மூடப்பட்டபோது அதிலிருந்த தனி ரெபாசிட்டரிகளும் போயின. பிரதி வைத்திருந்தவர்கள் நிதானமாக முகவரியை மாற்றிக்கொண்டார்கள்.

சோதிப்பது எப்படி

மூட்டை முழுமையானதா என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. கருவியின் ஆஃப்லைன் ஆப்ஷனை நம்பிச் சோதிப்பதும் போதாது, அது அந்தக் கருவியை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அது கூப்பிடும் ஸ்கிரிப்ட்கள் பின்வாசலால் இணையத்துக்குப் போய் வருவதை அது தடுக்காது. ஆகவே வலையையே துண்டியுங்கள். லினக்ஸில் 'அன்ஷேர் -ஆர்என்' என்று கொடுத்து அதற்குள் பில்டை ஓட்டினால் நெட்வொர்க்கே இருக்காது (சில லினக்ஸ் விநியோகங்களில் இதற்கு ரூட் அனுமதி தேவைப்படும்). டாக்கரில் '--நெட்வொர்க் நன்'. ஹோம் கோப்புறையும் காலியானதாக இருக்கட்டும். பழைய கேச் எங்காவது ஒளிந்திருந்து சோதனையை வெற்றியாக்கிவிடும். முதல் ஓட்டத்தில் எப்படியும் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும். பெரும்பாலும் அது டெஸ்ட் கட்டத்திலோ, எப்போதோ ஒருமுறை ஓடும் ரிலீஸ் கட்டத்திலோ தெரியவரும். அந்தக் கட்டளைகளையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

மூட்டைக்குப் பெயர் வைக்கும்போது தேதியைப் போடாமல், இயங்குதளம், ப்ராசஸர், கருவியின் பதிப்பு, லாக் கோப்பின் ஷா-256-இன் முதல் 12 எழுத்துகள் ஆகியவற்றைப் போடுங்கள். அங்கே பிரிக்கும் ஸ்கிரிப்ட் தன் கையிலுள்ள லாக் கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு, பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் பிரிக்காமலே நிறுத்திவிடலாம். லாக் கோப்பே இல்லாத மேவனுக்கு, ப்ராஜெக்டில் உள்ள எல்லா பிஓஎம் கோப்புகளையும் வரிசையாகச் சேர்த்து எடுத்த ஹாஷ் அந்த இடத்தை நிரப்பும்.